மாமாவின் பெயர் ஒட்டிய மோட்டார்

அம்மாவின் மோட்டார் சைக்கிளைக் கெடுத்தவர் மாமா. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

மலேசியாவின் கிள்ளானில் கையுறை ஃபேக்டரிக்கு அம்மா அந்த மோட்டாரில்தான் போவார். வெளிர்நீலம். முன்னால் கூடை, கூடையைச் சுற்றிப் பிளாஸ்டிக் ரோஜா, விளக்குக்கு மேல் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர். அலங்காரம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அவர் நடந்து வந்தால் எங்கள் தாமான் குடியிருப்பில் பையன்கள் சிகரெட்டை மறைப்பார்கள். யாரையும் கேட்காமல் ரோஜாக்களைப் பிய்த்துப் போட்டார். முன்பக்கம் பல்லைக் காட்டும் புலி ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டு பக்கமும், பின்சக்கரத்து மட்கார்ட் ரப்பரிலும், மின்னும் சிவப்பு எழுத்தில் அவருடைய பெயர்.

அம்மா வெளியே வந்து பார்த்தார். "நான் சொன்னதுக்கு நீங்க செஞ்சது இதுதானாண்ணே?"

"இருக்கட்டும் லா. என் பேரப் பாத்தா எவன் கிட்ட வருவான்?"

அம்மா புது ரோஜா கேட்டிருப்பார், மாமா புலியை ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். எனக்குப் பத்து வயது.

மறுநாள் பள்ளி வாசலில் ஒருத்தி கத்தினாள்: "ஏய், ஒங்கம்மா கேங்ல சேந்துட்டாங்களா?" வாரம் முழுக்க இதே பேச்சு. சனிக்கிழமை அம்மா தூங்கும்போது சுடுதண்ணீர் ஊற்றி, தேங்காய் எண்ணெய் தேய்த்து, நகத்தால் சுரண்டி எல்லாவற்றையும் எடுத்தேன். புலியின் ஒரு காது மட்டும் வரவில்லை.

அம்மா அடிப்பார், அல்லது கட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் போனார். மோட்டார் வாசலில் நின்று துருப்பிடித்தது. இவ்வளவு பாடுபட்டேனே, ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஃபேக்டரியிலிருந்து வீடுவரை தினமும் ஒருவன் அம்மாவைத் தொடர்ந்து வந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா அதைச் சொன்னது மாமாவிடம் மட்டும்தான். பெயர் ஒட்டியிருந்த நாட்களில் அவன் வரவில்லையாம். இன்றும் கல்யாண வீடுகளில் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "பாத்தீங்களா, பேருக்கே பயந்துட்டான்!"

ஸ்டிக்கர் கடைக்குப் போகத் தெரிந்த உங்களுக்கு, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தெரியவில்லையா? பத்து வயதுப் பிள்ளை நகத்தால் சுரண்டினால் போய்விடுகிற காவலையா அம்மாவுக்குக் கொடுத்தீர்கள்? தீபாவளிக்கு எல்லாரும் உங்கள் வீட்டில்தான் இருப்போம். அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள், மாமா.