வெள்ளிக்கிழமை வராவிட்டால்

நான்காக மடித்த ஒரு கடதாசி. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்தது. அதை விரித்து, உள்ளங்கையால் இரண்டு தரம் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, தபாற்கந்தோர் மேசைமேல் வைத்தார் அந்த வெள்ளைக்கார ரீச்சர். மேசைக்கு இந்தப் பக்கம் எங்கள் தபாலதிபர். அவருக்கு இடப்புறம், கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டு நான். கடதாசி எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. தீவின் வடிவம் நீல மையால் கீறியிருந்தது. கரையோரமாக, பெருக்கல் குறி மாதிரி, இரண்டு புள்ளடி. கீழே நாலைந்து வரி ஆங்கிலம். அதில் வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தார். இவ்வளவுதான் நான் பார்த்தது. கொஞ்சம் எட்டியிருந்தால் முழுவதையும் வாசித்திருக்கலாம். மேலதிகாரியின் மேசையில் கிடப்பதை எட்டி வாசிப்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் கடலில் போடவேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் இங்கே ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னார். "அந்த நாளையிலை எங்கடை ஊருக்கு ஒரு விசர் வெள்ளைக்காரி வந்தவ. ஒருத்தருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் தனியப் போய்க் கடற்கரையிலை கூடாரம் அடிச்சு, துரவுக்கை விழுந்து காலை முறிச்சவ. எங்கடை சனம்தான் தூக்கிக்கொண்டு வந்து காப்பாத்தினது." கேட்டவர்களும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒருத்தருக்கும் சொல்லாமலாம்! அந்த மனுசி சொன்னார். எழுதியும் கொடுத்தார். எழுத்து விளங்காதவர்களுக்காகப் படமும் கீறிக் கொடுத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதைத்தான். ஐம்பது வருடமாக ஊர் இந்தப் பொய்யைச் சோற்றோடு சோறாகப் பரிமாறிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டார் வள்ளத்தில் போகவேண்டிய தீவுகளில் ஒன்றில் எனக்கு இலிகிதர் வேலை கிடைத்திருந்தது. எந்தத் தீவென்று சொல்லமாட்டேன். தபாலதிபரின் பேரப்பிள்ளைகள் எனக்குப் பழக்கம், அவர்கள் நல்ல பிள்ளைகள். சனம் எல்லாம் தீவின் வடக்குப் பக்கத்தில் குடியிருந்தது. தெற்கும் மேற்கும் வெறும் புல்லும் கல்லும், ஆங்காங்கே தனிப் பனைகளும்தான். மாடுகள் தாமாகப் போய் மேய்ந்து, தாமாகத் திரும்பி வரும். கோடையில் மாட்டுக்காரர் தவிர அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. என் சொந்த ஊர் சரவணை. கிழமை நாட்களில் கந்தோருக்குப் பக்கத்தில் ஓர் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை வள்ளத்தில் வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன்.

ரீச்சர் சுவிற்சர்லாந்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிப்பவர் என்றார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு, ஆம்பிளைச் சப்பாத்து, முதுகில் ஒரு மூட்டை. கழுத்தில் தாலிக்கொடி மாதிரி ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு விசில். ஊருக்குச் சிரிக்க வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் செய்ததெல்லாம் கணக்காகச் செய்தார். கூடாரத்தைப் பனைக்குக் கீழே அடிக்கமாட்டார். ஓலையோ காயோ விழும் என்பார். மீன்பிடிகாரரிடம் கடல் எதுவரை ஏறும் என்று கேட்டு, அதற்கு மேலே இருபது அடி தள்ளித்தான் முளை அறைவார். காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் வைக்கமாட்டார். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பார். மலைநாட்டில் பிறந்தவர் எங்கள் கடலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டாரே, கடலில் பிறந்த எங்களில் ஒருவராவது அவரிடம் ஒரு கேள்வி கேட்டோமா என்று யோசித்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்கமாட்டோம். வெளிக்கிட்டு நிற்பவரைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்டால் போன காரியம் விளங்காது என்பது எங்கள் சட்டம். மிஞ்சிப்போனால் "தூரவோ?" என்போம். அவரும் "ஓம், தூரம்தான்" என்பார். அதோடு சரி. போகிறவரும் போறன் என்று சொல்லக்கூடாது, போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும். இதெல்லாம் அழகான பழக்கம் என்று இங்கே மேடைகளில் பேசுகிறார்கள். அழகுதான். ரீச்சரும் அந்த இரண்டு சொல்லையும் ஆசையாகப் பழகி வைத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் கடதாசியில் விரலை வைத்து, புதன்வரை மேற்கே ஓரிடம், பிறகு இன்னோரிடம் என்று தபாலதிபருக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பின்னேர வள்ளத்துக்கு வந்துவிடுவேன், வராவிட்டால் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம், தயவுசெய்து உடனே இந்த இடங்களுக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். 'வராவிட்டால்' என்ற சொல் வந்ததுமே தபாலதிபரின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் உயர்த்தி, வருவீர்கள், வருவீர்கள், அப்படிப் பேசக்கூடாது என்று அவரை மேலே பேச விடாமல் செய்தார். கடதாசியை வாங்கி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். ரீச்சருக்குத் திருப்தி. எங்கள் இருவருக்கும் கைகூப்பி, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் இறங்கினார்.

அவர் படலையைத் தாண்டினாரோ இல்லையோ, தபாலதிபர் லாச்சியைத் திறந்தார். "வெளிக்கிடேக்கையே வராட்டி எண்டு எழுதிக் குடுக்கிற மனுசியை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். இந்தச் சனியனைக் கந்தோருக்கை வைச்சிருக்க ஏலாது பிள்ளை" என்றார். வாசித்துப் பார்க்கவில்லை. எட்டுத் துண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்து விபூதி பூசினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மனுசிக்கு வரவிருந்த கெடுதலைத் தன் கையால் கிழித்துப் போட்டதாகத்தான் அவர் மனமார நம்பினார். கெட்ட மனிதர் செய்திருந்தால் ஒரு திட்டுத் திட்டிவிட்டு நானும் மறந்திருப்பேன்.

மத்தியானம் கூடை அடுப்படிக்குப் போனது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வள்ளத்தின் சத்தம் கேட்டதும் நான் எழும்பி ஜன்னலால் பார்த்தேன். ஆட்கள் ஏறினார்கள், ஆட்டுக்குட்டி ஏறியது, ரீச்சர் வரவில்லை. வள்ளம் போய்விட்டது. "ஐயா, அந்த ரீச்சர் இண்டைக்கு வாறனெண்டவ. காணேல்லை" என்றேன். தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? அறம் பாடாதேயும். மனுசி ஆரும் மீன்காரரோடை அனலைதீவுப் பக்கம் போயிருக்கும்." இரவு சாப்பிடும்போது வீட்டுக்கார அக்காவிடமும் சொன்னேன். அவவும் விளக்கு வைத்த வீட்டில் அப்படிப் பேசவேண்டாம் என்றா. நானும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சனி. வழமைபோல வள்ளம் ஏறி வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை ஊர்காவற்றுறையில் வள்ளத்துக்குக் காத்திருக்கும்போது வள்ளக்காரரிடம் விசாரித்தேன். "அண்ணை, அந்த வெள்ளைக்கார ரீச்சரை ஏத்தினனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. திங்கட்கிழமைக்கு முதல் கண்டதுதான். வேறை ஒரு வள்ளமும் அங்காலை போகேல்லை. காத்துக்கு மீன்காரரும் ஒரு கிழமையாய் இறங்கேல்லை."

மீன்காரர் இறங்கவில்லை என்றால் அவர் தீவைவிட்டுப் போகவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையே கடற்கரைக்குப் போய் ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தீவில் இறங்கியதும் கந்தோர்ப் பக்கம் திரும்பவில்லை. அக்காவிடம் ஓடிப்போய்த் திங்கட்கிழமை நடந்ததை, கடதாசி, கிழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். "இதை நீ முந்தநாள் சொல்லேல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா சீலையைச் செருகிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினா. அவவின் குரலுக்கு அரைமணித்தியாலத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் சனம் அப்படித்தான். விழுந்த பிறகு தூக்க ஓடிவருவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

எங்கே போவது? எனக்கு ஞாபகம் இருந்தது மேற்கு என்ற ஒரு சொல். எல்லாரும் மேற்குக் கரைக்கு ஓடினார்கள். அங்கே கல் வைத்து மூட்டிய அடுப்பும், முளை பிடுங்கிய துவாரங்களும்தான் இருந்தன. மண்ணைக்கூடக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது புள்ளடி எங்கே என்று என்னைக் கேட்டார்கள். முத்திரை குத்திக்கொண்டே தலைகீழாகப் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? வடமேற்கே கொஞ்சப் பேர், கரையோரமாகத் தெற்கே கொஞ்சப் பேர் என்று பிரிந்து போய் மூன்று மணித்தியாலம் தேடினோம். தென்மேற்குச் சோளகக் காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்தது. அப்போதுதான் கூட வந்த மாட்டுக்காரர் ஒருவர், நேற்றுக் காலை தெற்குப் பக்கம் ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டு கிடந்தது, புதுக் குருவி என்று நினைத்தேன் என்றார். நாங்கள் தெற்கே திரும்பி ஓடினோம். விசிலை அவர் கேட்டிருக்கிறார். காணாமல்போனவர் ஒருவர் இருக்கிறார், காதைக் கொடுத்துக்கொண்டு நட என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அக்காதான் கண்டா, ஒரு துரவுக்குள். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்க அந்தக் காலத்தில் வெட்டிய கட்டில்லாத கிணறு, அதைத்தான் துரவு என்போம். விளிம்பெல்லாம் புல் மூடியிருக்கும். வியாழக்கிழமை பின்னேரம் தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது விளிம்புக் கல் இடறி ரீச்சர் உள்ளே விழுந்திருக்கிறார். அடியில் முழங்கால் மறையச் சேறு. வலது கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தன் சட்டைக் கையைக் கிழித்துக் கட்டியிருந்தார். விசில் வாயிலேயே கிடந்தது, ஊத மூச்சில்லை. ஒரு வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் கிடத்தி, எட்டுப் பேர் மாறி மாறிச் சுமந்து துறைக்குக் கொண்டுவந்தார்கள்.

துறையில் தபாலதிபர் நின்றார். பொலிஸ்காரர் கொப்பியோடு வந்து, இவர் எங்கே போகிறார் என்று யாருக்காவது அறிவித்தாரா என்று கேட்டார். "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. நாங்கள் என்ன செய்யிறது, எல்லாம் விதி" என்றார் தபாலதிபர். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தா. நான் வள்ளத்தைப் பார்த்தேன். தற்காலிக நியமனம் எனக்கு, நிரந்தரமாக்க அவர் கையெழுத்து வேண்டும். கலியாண வீட்டில் சிரித்தவரின் கதை பிறந்த இடம் அதுதான். பெற்றது அவர், பிறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தது நான்.

இரண்டு கிழமை கழித்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தலையணையில் சாய்ந்துகொண்டு ரீச்சர் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை வலது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம், சனிக்கிழமைகூடப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் தாதியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். கடதாசியைக் கிழித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது. துறையில் வாய் திறக்காதது. அவர் தபாலதிபரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் வரவில்லை என்பது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"நல்லது. யாரோ ஒருவருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டுதான் நான் உள்ளே கிடந்தேன்" என்றார். பிறகு, "சனிக்கிழமை என்ன செய்தீர்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தங்கச்சிமாரோடு மண்கும்பானுக்குப் போய்க் கடல் குளித்தேன் என்று சொன்னேன்.