பரணில் இருக்கும் பெரிய பெட்டி

அவர் லிஃப்ட் மெக்கானிக். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. கதவு திறக்கும் சத்தத்திலேயே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது ஓய்வதில்லை. மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார் என எதையும் விட்டுவைக்காது.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சினிமா பார்க்க ஒரு கம்ப்யூட்டரைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினார். படங்கள், மகள் தவழ்ந்த காலத்து வீடியோக்கள் எல்லாம் நான்கு ஹார்ட் டிஸ்க்கில். முதல் நாளே டிஸ்க்குகளின் இரைச்சல் வசனத்தை விழுங்கியது. உடனே வேலையை இரண்டாகப் பிரித்தார். டிவிக்குக் கீழே விசிறியே இல்லாத சின்னப் பெட்டி. படத்தைக் காட்டுவது மட்டும் அதன் பொறுப்பு. டிஸ்க்குகளைச் சுமக்கும் பெரிய பெட்டி, அதாவது சர்வர், முதலில் படுக்கையறைக்குப் போனது. தூக்கம் போயிற்று. சமையலறைக்குப் போனது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. கடைசியில் குளியலறைக்கு மேலே பரணில் ஏறி உட்கார்ந்தது. போன இடமெல்லாம் கேபிளுக்காகச் சுவரில் ஓர் ஓட்டை. படம் மட்டும் ஒன்றுகூட முடிந்தபாடில்லை. ஓடவிடுவார், உட்காருவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், எழுந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்.

“ஒரே ஒரு படம். முடியிற வரைக்கும் என் பக்கத்துல உக்காந்து பாக்கணும். நடுவுல எந்திரிச்சீங்க, மேல இருக்கற பெட்டி நாளைக்கே என் தம்பி வீட்டுக்குப் போயிடும்.”

“உன் தம்பி அது மேல துணி காயப்போடுவான்.”

“போடட்டும். உக்காருங்க.”

கொலைப் படம். பிணம் விழுந்து போலீஸ் வருவதற்குள் பரணிலிருந்து ‘டிக்’ என்றது. சற்று விட்டு மறுபடியும் ‘டிக்’. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு முதுகு நிமிர்ந்தது.

“அப்பா, காலை ஆட்டாதீங்க. சோபாவே ஆடுது,” என்றாள் மகள்.

“ஒரு டிஸ்க் போகுதும்மா.”

“போனா என்ன? ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“லிஃப்ட்டுலகூடத்தான் நாலு கயிறு. ஒண்ணு அறுந்து தொங்குனா நீ ஏறுவியா?”

“படியில வருவேன்.”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க!” என்றார் மனைவி.

கைகளை முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டார். படம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. ஒரு டிஸ்க் செத்தாலும் யாரும் எழ வேண்டாம் என்பதற்காகத்தான் அப்படிப் பூட்டியிருந்தார். பூட்டியவருக்குத்தான் நம்பிக்கை இல்லை. திரையில் யாரோ யாரையோ துரத்தினார்கள். மேலே ‘டிக்’. யாரோ அழுதார்கள். ‘டிக், டிக்’.

ஒருவழியாகப் பெயர்கள் ஓடத் தொடங்கின. எழப் போனவரின் சட்டையை மனைவி பிடித்துக்கொண்டார்.

“இருங்க. கொலை பண்ணது யாரு?”

திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் உதவுவதாக இல்லை.

“மூணாவது டிஸ்க்.”

மகள் தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கினாள். மனைவி சிரிக்கவில்லை.

“உக்காந்தீங்க. பாக்கல.”

“எந்திரிச்சாத்தானே பெட்டி போகும்? நான் எந்திரிக்கலையே!”

மனைவி சட்டையை விட்டுவிட்டு டிவியை அணைத்தார்.

“அங்க அனுப்பினா மட்டும் என்ன? தெனமும் என் தம்பி வீட்டுல போய் ஏணி மேல நிப்பீங்க. என் மானம் போகும். இங்கயே கெடக்கட்டும்.”

மனைவி திரும்பிப் பார்த்தார். சோபா காலி.

“ஏணியக் கொஞ்சம் புடிச்சுக்கோயேன்!” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.