இருபதுக்கு மேல் படி

சித்தி நடத்திய அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய்கள் கிடையாது. பகடைகள் மட்டும் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு இருபது முகங்கள். சித்தி கதை சொல்வாள்: மலைக்கோட்டை, மூடிய கதவு, உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது. நாங்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, கதவின் முன்னால் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். என் ஆள் எந்தப் பூட்டையும் திறக்கிற ஒரு கள்ளி. அண்ணனுடைய ஆள் வாள்வீரன். அந்த வீரன் முதல் வாரமே பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனதால், பிறகு அண்ணன் பூசாரியாக வந்து எதிரில் பட்டவர்களையெல்லாம் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை, அப்போதுதான் இருபதைத் தாண்டியிருந்தாள். பொறியியல் முடித்த கையோடு, விடுதித் தோழிகளுடன் ஆடிய விளையாட்டின் விதிப்புத்தகத்தை நகலெடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தாள். அவளுக்கு வெளியூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தாத்தா சம்மதிக்கவில்லை. "படிச்சது போதும். வீட்டுல இரு. நல்ல இடமாப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டார். சித்தி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். பகடைகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள். இதெல்லாம் பெரியவர்களுக்குள் நடந்தது. விடுமுறைக்கு அங்கே போயிருந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், எந்நேரமும் எங்களோடு விளையாட ஒரு சித்தி கிடைத்திருக்கிறாள் என்பதுதான்.

சாகசம் முடிந்தால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் நிறைந்தால் ஆள் ஒரு படி உயர்வாள். புதுப் படிக்குப் புது வித்தை. புத்தகத்தில் அதற்கு லெவல் என்றுதான் இருந்தது. "லெவல்னா எனக்கு ரயில்வே கேட்டுதான் ஞாபகம் வருது" என்று சித்திதான் அதைப் படியாக்கினாள். விடுமுறை முடியப்போகும் சமயத்தில் என் கள்ளி இருபதாம் படியை எட்டினாள்.

"அடுத்த படி எப்ப சித்தி?"

சித்தி கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அம்புட்டுதான்ட்டி. இருபதோட முடிஞ்சிட்டு. மேல படி கிடையாது."

"அப்போ அவ இனி என்ன செய்வா?"

"என்ன செய்வா? வீட்டுல இருப்பா."

"இட்லிக் கடை போடச் சொல்லு" என்றான் அண்ணன். "பூட்டு ஒடச்ச கை, மாவாட்டட்டும்."

அவன் சிரித்தான். சித்தி சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரேறக் கற்றாள், பொறிகளை அவிழ்க்கக் கற்றாள், இருட்டில் பார்க்கக் கற்றாள். இவ்வளவும் கற்ற ஒருத்தியைப் புத்தகத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது என்பதற்காக வீட்டில் உட்கார வைப்பது என்ன நியாயம்? அந்த வீட்டில் மேல்முறையீட்டுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே தாத்தாவின் தறிக்கூடத்துக்கு ஓடினேன்.

விசைத்தறிகள் ஓடும்போது பேசுவதற்கு ஒரு முறை உண்டு. காதருகே போய்க் கையைக் குவித்து, மிகவும் வேண்டிய சொற்களை மட்டும் கத்த வேண்டும். 'நூல் இல்ல', 'ஆள் வரல', 'சாப்பிட வாங்க' என்ற அளவில்தான் அங்கே மொழி. யார், எது, எதற்கு என்பதையெல்லாம் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். நானும் அப்படியே கத்தினேன்.

"சித்தி சொல்லுதா. இருபதோட முடிஞ்சிட்டாம். மேல படி கிடையாதாம். வீட்டுல இருக்கணுமாம்."

தாத்தா என் முகத்தையே பார்த்தார். பிறகு அருகில் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

"உங்கிட்டயா சொன்னா?"

"ஆமா."

"அழுதாளா?"

நான் என் ஆளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அவ எங்க அழுவா? கள்ளியில்லா" என்றேன்.

தாத்தா தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. மறுபடியும் போட்டார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: "உண்டுன்னு சொல்லு மக்கா. மேல படிக்கச் சொல்லு."

புத்தகத்தை இன்னும் கொஞ்சம் மேலே படித்துப் பார்க்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தாத்தாவின் அறிவை வியந்தபடியே படியேறினேன்.

"சித்தி, மேல படி உண்டாம். உன்னைய மேல படிக்கச் சொன்னாரு தாத்தா."

பகடை உருட்டப் போன கை நின்றது. "என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"மேல படிக்கச் சொல்லுன்னாரு."

"வெளாட்டுக்குச் சொல்லாதட்டி."

"தறிய நிறுத்திட்டுச் சொன்னாரு சித்தி."

ஓடுகிற தறியை அவர் யாருக்காகவும் நிறுத்தமாட்டார் என்பது அந்த வீட்டுக்கே தெரியும். சித்தி எழுந்து கீழே போனாள். நான் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இருவர் வாயும் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை வெகு காலம் கழித்துச் சித்தியே சொன்னாள். "அப்பா, அது பிள்ளைங்க வெளாட்டப் பத்திச் சொன்னது" என்று உண்மையை ஒப்புக்கொண்டாளாம். தாத்தாவோ, "இந்தச் சத்தத்துல ஒரு தடவதான் சொல்ல முடியும். சொல்லிட்டேன், போ" என்று தறியை ஓட விட்டுவிட்டாராம். 'படிச்சது போதும்' என்று சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வர அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்ததோ என்னவோ. என் முறை வந்தபோது 'போதும்' என்ற சொல் அந்த வீட்டிலிருந்தே போயிருந்தது. கணினிப் படிப்புக்கு விடுதியில் சேரப் போன என் பெட்டியை ரயிலில் ஏற்றியவர் தாத்தாதான். அவர்கள் இருவருக்கும் நன்றி சொல்லாமல் இந்த நினைவுக்குள் என்னால் நுழைய முடிவதில்லை.

அன்று சித்தி மாடிக்குத் திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. "சரி, இருபதுக்கு மேல என்ன இருக்குன்னு பாப்போம்" என்று உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் புது விதி சொன்னாள். இனிமேல் படியின் எண் ஏறாது, பலமும் ஏறாது. ஒவ்வொரு பெரிய சாகசத்துக்குப் பிறகும் ஒரு வரம் உண்டு. புத்தகத்தில் இல்லாத ஒன்றாகப் பார்த்து ஆடுகிறவரே கேட்க வேண்டும்.

"தண்ணிக்குள்ள மூச்சு விடணும்" என்றேன்.

"சங்கரன்கோயில்ல தண்ணி எங்கட்டி இருக்கு?" என்றான் அண்ணன்.

அந்த வரத்தைக் கொண்டு ஓர் ஏரியின் அடியிலிருந்த வாசல் வரை போனோம். அதற்குள் சித்தி புறப்படும் நாள் வந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு எல்லோரும் போனோம். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன்.

"இப்பதான ஆரம்பிச்சோம். அதுக்குள்ள போறேங்கியே."

"நீதானட்டி என்னைய அனுப்புத" என்றாள் சித்தி, சிரித்துக்கொண்டே.

"நான் ஒண்ணும் அனுப்பல."

"நீதான்."

பேருந்து நகர்ந்தது. அம்மா என் கையைக் கம்பியிலிருந்து பிரித்தாள். பேருந்து திரும்பி மறையும் வரை "நான் அனுப்பல சித்தி, நான் அனுப்பல" என்று கத்திக்கொண்டே நின்றேன். போகிறவள் போகட்டும், செய்யாத காரியத்தை என் தலையில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வேறு போகிறாளே என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.