கிண்ணத்தில் போட முடியாதது

பொன்மணி ஆமத்தூர்க்காரி. தினமும் வேனில் சிவகாசிக்குப் போய், பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து வெடிமருந்து செலுத்துகிறவள். இருபத்தாறு வயதில், 2006இல், இடது முட்டிக்கு மேலே எலும்பில் கட்டி வந்தது. முதலில் பார்த்த டாக்டர் தொடையோடு காலை எடுத்துவிடச் சொன்னார். "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்துப் பார்த்த மதுரை டாக்டர், கட்டி இருக்கிற எலும்பை மட்டும் வெட்டிவிட்டு அங்கே உலோக மூட்டு வைக்கலாம், கால் தப்பிக்கும் என்றார். புருஷன் தங்கச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். பொன்மணிக்கு மட்டும் முகம் வாடியது.

"இரும்பா ஐயா? எங்க கம்பெனிக்குள்ள கொலுசே போடக்கூடாது. உரசுனா தீப்பொறி வந்துரும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது சதைக்குள்ள இருக்கும்மா, எதுலயும் உரசாது. நீ தரையில உக்காராம இருந்தா போதும்."

பத்து மாதம் கழித்து, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, தன் இரண்டு காலாலும் நடந்து வேலைக்கு வந்தாள். மருந்து அறை வாசலில் போர்மேன் காளீஸ்வரன் வழக்கம்போல பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினார். ஊக்கு, மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் அதில் போட்டாள்.

"எல்லாம் களட்டியாச்சா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணாச்சி. முட்டிக்குள்ள."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"அதக் களட்டணும்னா காலோட சேத்துத்தான் களட்டணும். ஏற்கெனவே ஒருத்தர்ட்ட மாட்டேன்னுட்டேன்."

காளீஸ்வரன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் தரையில் உட்காராமல் வேலை பார்க்க, ஆணி அடிக்காத மர ஸ்டூல் ஒன்றைத் தேடிப் போனார்.