தட்டு சுற்றுகிற வரை

கிளினிக்கில் அவளுக்குப் பெயர் தூசி அக்கா. இருபது வருடமாக அந்தப் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். காலையில் கதவைத் திறந்ததும் விளக்கைப் போட மாட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். ஒரு பொட்டுத் தூசி தெரிந்தால் போச்சு. நேற்று துடைத்தது யார், எந்தத் துணியால் துடைத்தது என்று விசாரணை ஆரம்பித்துவிடும். துடைப்பது எப்போதும் அவள்தான் என்பதால் திட்டும் அவளுக்கே விழும்.

அப்படிப்பட்டவளுடைய கணவருக்குத்தான் கீழ்க் கடைவாய்ப் பல் அழுகிச் சீழ் வைத்தது.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கு மேலே, காற்றில் ஆடுகிற கண்ணாடிக் கூண்டில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பல் டாக்டரின் நாற்காலி மட்டும் ஆகாது. முதல் முறை வந்தபோது, "வண்டிய சரியா நிறுத்தல, பாத்துட்டு வரேன்" என்று வெளியே போனவர் நேராக வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறை டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் எழுந்தார். கழுத்தில் கட்டிய நீலத் துணியோடு தெருவில் இறங்கி, அதே கோலத்தில் பஸ் ஏறினார். அவளால் ஒரு வாரம் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மூன்று நாள் மாத்திரை போட்டும் வீக்கம் வடியவில்லை. வியாழக்கிழமை காலை அது தாடையைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. எச்சில் விழுங்கவே அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். எதற்கும் குரலை உயர்த்தாதவள் அன்றைக்குப் பட்டென்று பேசினாள்.

"அக்கா, இன்னிக்கே எடுத்தாகணும். தொண்டைக்கு இறங்கிருச்சுன்னா மூச்சை அடைச்சிரும். அப்புறம் நம்ம கையில எதுவும் இல்ல. எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

எப்படியாவது என்றால் எப்படி? அவள் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கெளம்புங்க."

"மேல கூண்டுல உக்காந்தா லீவர் என் கையில இருக்கு" என்றார் அவர். வாய் பாதிதான் திறந்தது. "அங்க மல்லாக்கப் படுத்தா எனக்கு மேல ஒருத்தி சுத்தியலோட நிக்குறா."

"சுத்தியல் எல்லாம் கெடையாதுங்க."

"குறடு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பப் பேசாத."

அவள் அழவில்லை. ஆனால் வீக்கம் கழுத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்து அளந்தாள். அதை அவர் பார்த்தார். எழுந்து பீரோவின் மேலிருந்து ஒரு பழைய அட்டை உறையை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் வைத்திருக்கும் ஒரே இசைத்தட்டு. கிளாரினெட் வாசிப்பு. வீட்டு பிளேயர் செத்துப் பல வருடமாகியும் அவ்வப்போது வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, உள்ளே வைப்பார். கழுவித் தருகிறேன் என்று அவள் கேட்காத வருடம் இல்லை. தொட விட்டதில்லை.

"உங்க கிளினிக்ல பிளேயர் இருக்குல்ல. அதுல இதப் போடு. இந்தத் தட்டு சுத்துற வரைக்கும் உக்காந்திருக்கேன். நின்னுச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

"நெசமாவா?"

"நான் சொன்ன சொல் மாறியிருக்கேனா?"

"வண்டியப் பாத்துட்டு வரேன்னீங்களே!"

"வண்டியப் பாத்தேனா இல்லையா? வரேன்னுதான் சொன்னேன். எப்பன்னு சொன்னேனா?"

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டு வாக்குவாதம் எதிலும் அவள் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. உறையைத் திருப்பி ஒரு பக்கம் எவ்வளவு நேரம் என்று பார்த்தாள். இருபத்தொரு நிமிடம்.

கிளினிக்கின் பிளேயரைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். நாற்காலியில் படுத்திருப்பவர்கள் ஏதாவது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது என்று டாக்டருக்குத் தோன்றியது. ரேடியோ வைத்தால் பல்லைப் பிடுங்கும் நேரம் பார்த்து விளம்பரம் வந்து கத்தியது. அதனால் போன வருடம் அவளைக் கடைக்கு அனுப்பினாள். அவள் கையோடு, கிளினிக்கில் மருந்துத் தூள் நிறுக்கும் குட்டித் தராசையும் எடுத்துப் போனாள்.

கடைக்காரர் முதலில் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டினார். பார்க்க அவ்வளவு அழகு. அவள் அதன் முள்ளைத் தராசின் மேல் இறக்கினாள். ஆறு கிராம் காட்டியது.

"என்னக்கா, பாட்டுக் கேக்க வந்தீங்களா, தங்கம் எடை போட வந்தீங்களா?"

"இவ்வளவு கனம் ஏறி உக்காந்தா தட்டை உழுதுரும் தம்பி. அடுத்ததக் காட்டுங்க."

அடுத்தது பாட்டு முடிந்ததும் முள் மாட்டிய கையைத் தானே தூக்கி, தானே தட்டை நிறுத்திக்கொள்ளும். கடைக்காரர் மந்திரவாதி மாதிரி விலகி நின்று அதைச் செய்து காட்டினார். அவள் மேசையை முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினாள். முள் துள்ளிப் பாட்டின் நடுவே போய் விழுந்தது. கிளினிக்கில் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஓடினால் தரையே அதிரும். இது அங்கே ஒரு நாள் தாங்காது.

மூன்றாவது, கனமான அடிப்பலகை கொண்டது. கையின் பின்பக்கம் ஒரு குண்டு. அதைத் திருகினால் முள்ளின் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டு மேசையைக் குத்தினாள். அசையவில்லை.

"இதுல ஒரே ஒரு குறை இருக்குக்கா. பாட்டு முடிஞ்சா கை தானா எந்திரிக்காது, தட்டும் நிக்காது. சுத்திக்கிட்டே கெடக்கும். நீங்கதான் போய்த் தூக்கி வைக்கணும்."

"எனக்குத்தான் ரெண்டு கை இருக்கே" என்றாள்.

அந்த பிளேயர் இப்போது கிளினிக் சுவரில் அடித்த பலகையின் மேல் இருந்தது. தரை அதிர்ந்தாலும் சுவருக்கு ஏறாது. நாற்காலியில் படுத்தால் நேர் எதிரே தெரியும்.

கிளினிக்குக் கூட்டிவந்து கணவரை வெளி அறையில் உட்கார வைத்தாள். வாசல் கதவைத் தாழ் போட்டு, தாழின் மேல் ஒரு கண் வைத்தபடி தட்டை உறையிலிருந்து எடுத்தாள். டாக்டர் கருவிகளை அடுக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அவளுக்கும் அவ்வளவுதான் நேரம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வரிகளுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, விரல் பிசுக்கு, சட்டை நூல். இத்தனை வருடச் சட்டைகள் அத்தனையும் அதில் இருந்தன. இப்படியே போட்டால் முள் இரண்டு சுற்றில் அழுக்கை உருட்டிக்கொண்டு வழுக்கிவிடும்.

பழக்கத்தில் கை ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஒருமுறை டாக்டருடைய அப்பாவின் பழைய தட்டு ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தட்டின் கறுப்பே பஞ்சோடு கையில் வந்ததைப் பார்த்தவள் அவள். கருவிகளுக்காக வைத்திருக்கும் காய்ச்சி வடித்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒரே ஒரு சொட்டு சோப்பு விட்டாள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்தாள். இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்து உதட்டில் தேய்த்துப் பார்த்தாள். குத்தவில்லை. வரி போகிற வாக்கிலேயே, வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தாள். குறுக்கே ஒரு இழுப்புக் கூட இழுக்கவில்லை. நீர் கலங்கிப் பழுப்பானது. மாற்றினாள். மறுபடி கலங்கியது. மூன்றாவது கிண்ணம் தெளிவாகவே நின்றது. பஞ்சால் ஒற்றினால் இழை விடும் என்று, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கீறல் கண்ணில் பட்டது. பக்கத்தின் நடுவைத் தாண்டி ஒரு விரல் நீளம். அழுக்கில்லை, கழுவினால் போகாது. சட்டைப் பொத்தானின் வேலை. முள் அங்கே மாட்டி ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தால் யாராவது போய்த் தட்டிவிட வேண்டும். முன்னால் தாவினால் சில நிமிடங்கள் காலி.

"என்ன, கழுவியாச்சா?" வெளியிலிருந்து குரல் வந்தது. "பாட்டையும் சேத்துக் கழுவிட்டியா?"

"வந்து உக்காந்து கேட்டுப் பாருங்க."

வந்தார். உட்கார்ந்தார். அவள் முள்ளை இறக்கினாள். கிளாரினெட் எழுந்தது. இத்தனை தெளிவாக அதை அவரே கேட்டதில்லை போலும், புருவம் மேலே போயிற்று. டாக்டர் நாற்காலியைச் சாய்த்ததும் அந்தப் புருவம் சுருங்கிவிட்டது.

"வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள் டாக்டர்.

"எங்க சைட்ல முஷ்டிய மூடிக் காட்டுனா நிறுத்துன்னு அர்த்தம். நான் மூடுனா நீங்க நிறுத்திரணும் டாக்டரம்மா."

அவளுக்கு அந்தக் கை பாஷை அத்துப்படி. வீட்டில் பீரோ நகர்த்தினாலும் வாயால் பேச மாட்டார். முஷ்டி மூடினால் நிறுத்து. ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு.

முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகியும் மரக்கவில்லை. சீழ் இருந்தால் மருந்து சீக்கிரம் பிடிக்காது. இரண்டாவது ஊசி. பத்து நிமிடம் ஓடிவிட்டது. மரத்த பிறகு பாட்டை முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனம் கணக்குப் போட்டது, ஆனால் அதற்கு முள்ளைத் தூக்க வேண்டும். பாட்டு ஒரு நொடி நின்றாலும் அவர் கதவில் இருப்பார்.

டாக்டர் நெம்புகோலை உள்ளே விட்டபோது முள் கீறலுக்கு வந்தது. டொக். டொக். அடுத்த சுற்றில் ஒன்றும் இல்லை, கிளாரினெட் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழுந்து தரையை அதிர வைத்தது. பலகை அசையவில்லை.

பிறகு வாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது. சுள்ளி ஒடிவது மாதிரி.

"வேர் உடைஞ்சிருச்சு அக்கா" என்றாள் டாக்டர் மெதுவாக. "பாதி உள்ள நிக்குது. சக்‌ஷன் குழாயை எடுத்துராதீங்க, ரத்தம் மறைக்குது. தாடையையும் விடாதீங்க."

ஒரு கையில் குழாய், ஒரு கையில் தாடை. அவளுக்கு இருந்த இரண்டு கையும் அவ்வளவுதான். ஓரக்கண்ணால் தட்டைப் பார்த்தாள். நடுக் காகிதத்துக்கும் முள்ளுக்கும் இடையே விரல் அகலம்தான் இருந்தது. டாக்டரின் நெற்றியில் வேர்வை. விரல் அகலம் நூல் அகலமானது. கிளாரினெட் ஒரு நீண்ட மூச்சு இழுத்து ஓய்ந்தது.

டிக். டிக். முடிந்த வரியில் முள் சுற்றத் தொடங்கியது.

அவருடைய இடது கை மேலே வந்தது. முஷ்டி மூடியது.

டாக்டர் கருவியை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவர் தோள் நாற்காலியை விட்டு எழும்பியது. பாதி வேரோடும், திறந்த புண்ணோடும், கழுத்து வரை வந்த சீழோடும் இப்போது போனால் இந்த மனிதர் நான்காவது முறை வர மாட்டார். வர வேண்டிய அவசியமும் இருக்காது.

"ஏங்க" என்றாள் அவள். தாடையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பாட்டு நிக்குற வரைக்கும்னா சொன்னீங்க? தட்டு சுத்துற வரைக்கும்னீங்க. அங்க பாருங்க. நின்னுருச்சா?"

அவர் கண்கள் பலகைக்குப் போயின. கழுவிய கறுப்பில் விளக்கு வெளிச்சம் பளபளவென்று நிற்க, தட்டு அதன் கீழே சுற்றிக்கொண்டே இருந்தது. டிக். டிக். அவர் கண்கள் அவளிடம் திரும்பின. வாய்க்குள் குழாய் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். டிக். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. ஒன்பதில் தோள் மெல்லக் கீழே இறங்கியது. பதினொன்றில் முஷ்டி பிரிந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து, சின்னதாக, வட்டம் போட்டது.

"என்ன சொல்றாரு?" என்றாள் டாக்டர்.

"தூக்கச் சொல்றாரு டாக்டர்."

டாக்டர் குனிந்தாள். தூசி அக்கா அதற்குப் பிறகு எண்ணவில்லை. வேர் வெளியே வந்து கருவிக் கிண்ணத்தில் விழுந்தது. பின்னாலேயே சீழ் குபுக்கென்று வந்தது, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு. இருபது வருடத்தில் எந்த வாசனைக்கும் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ரெண்டே ரெண்டு தையல் போடணும்" என்றாள் டாக்டர், பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு.

அவர் எழுந்துவிட்டார். அவள் கையெல்லாம் ரத்தம், பிடித்து நிறுத்தவும் முடியாது. ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. பலகைக்குப் போய், இரும்பைத் தூக்கிப் பழகிய விரல்களால் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். தட்டை எடுத்தார். வலது கை தானாகச் சட்டை நுனிக்குப் போனது. பாதி வழியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தை மட்டும் பிடித்துத் தட்டை மறுபக்கம் திருப்பி வைத்தார். முள்ளை இறக்கினார். சின்னச் சத்தம்கூட வரவில்லை.

பிறகு வந்து, நாற்காலியில் தானே சாய்ந்து, வாயைத் திறந்தார்.