சோலையம்மாள் ஆண், கதிர் பெண்

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் திருச்சுழி வண்டி ஏறினோம். நான், கதிர், ஜமால், ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, ஒரு தப்பு மேளம், இரண்டு துணி மூட்டை. நான் அறுபத்தெட்டு வயதுத் திருநங்கை. மூன்றாம் வகுப்பில் அடித்துத் துரத்தினார்கள், அதற்குமேல் பள்ளிக்கூடம் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முப்பது வருடமாக ஆடுகிறேன். எந்த ஊரிலும் பாதி ஆட்டத்தில் மேடையை விட்டு இறங்கியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் சீமைக்கருவேலம், கரிமூட்டத்துப் புகை, தண்ணீர் இல்லாத கண்மாய். முழங்கால் வலியில் நான் காலை நீட்டிக்கொண்டேன். கதிர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்:

"இந்தக் கார்டு மாறலைன்னா இனிமே வெளியூர் ஆட்டத்துக்கு என்னையக் கூப்பிடாதீகம்மா."

கதிர் திருநம்பி. பெண் என்று வளர்த்தார்கள், அவன் ஆண். மீசையும் தாடியும் உண்டு. ஆதார் கார்டில் மட்டும் பழைய பெயர், பழைய படம், பெண். போன மாதம் ஒரு ஊரில் லாட்ஜுக்காரர் கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கதிர் அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை.

"நீ வரலைன்னா ஒயிலாட்டத்த யாரு ஆடுறது?" என்றேன்.

"ஜமால் ஆடட்டும்."

"நான் ஆடுனா ஊர்ல ஒருத்தன் மிச்சம் இருக்க மாட்டான்லே. பாதிப் பேரு ஓடிப்போவான், பாதிப் பேரு எம்பின்னாடி வந்துருவான்" என்றான் ஜமால். அவன் காரியாபட்டிப் பையன். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவன். கதிர் சிரிக்கவில்லை.

திருச்சுழியில் வண்டி மாறி, நரிக்குடிக்கு இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டரில் இறங்கினோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அழைத்தது அங்குள்ள மகளிர் குழு. சோறு போட்டது குழுவில் மூத்தவரான சோலையம்மாள். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். "வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல சாப்பிடுங்க, பெறகு பேசுவோம்" என்றார். பேச்சும் அவரே பேசினார்.

மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஆட்டம். எங்கள் நாடகத்தில் கதை பெரிதாக இல்லை. கதிர் தலைப்பாகை கட்டி, கையில் துணி வீசி ஒயிலாட்டம் ஆடுவான். ஆம்பளை ஆட்டம். நன்றாக ஆடுகிறான் என்று கூட்டம் கைதட்டும்போது, அதிகாரி வேடத்தில் நான் குறுக்கே வந்து கார்டைக் கேட்பேன். வாங்கிச் சத்தமாகப் படிப்பேன். "பெண்" என்று படித்ததும் ஜமால் அடிக்கும் தப்பு நின்றுவிடும். ஆடின கால் அந்தரத்தில் நிற்கும். அப்படியே அவன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பான்: "இப்ப நான் ஆடுனதா, இவுக படிச்சதா, எது நெசம்?"

சில இடங்களில் விசில் வரும், சில இடங்களில் கல் வந்திருக்கிறது. இங்கே ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் இருந்து சோலையம்மாள் எழுந்தார்.

"ஏத்தா ஆபீசரு, எங்கார்டையும் படி."

சுருக்குப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். சோலையம்மாள். கீழே, ஆண்.

"கேம்ப்புல போட்டோ எடுத்தப்ப இப்பிடி ஏத்திவிட்டுட்டான். பொம்பளைகளுக்கு மாசாமாசம் வார பணம் எனக்கு மட்டும் வரலை. பெத்த அஞ்சும் அப்ப யாரு வயித்துல இருந்துச்சு? ஆம்பளைன்னு போட்டதுக்குக் களையெடுப்புலயாச்சும் ஆம்பளைக் கூலி குடுத்திருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கதிரும் சிரித்தான். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நாளைக்குத் திருச்சுழி போவோம்மா. ரெண்டு பேருதையும் குடுத்துப் பாப்போம்" என்றான். ஒரு மாதத்தில் அவன் அவ்வளவு பேசியது அன்றுதான்.

ராத்திரி சோலையம்மாள் வீட்டில் படுத்தோம். வெள்ளிக்கிழமை பத்தே காலுக்குத் திருச்சுழியில், கார்டு திருத்தித் தரும் அறையின் முன்னால் இருந்தோம். எங்களுக்கு முன்னே பதினேழு பேர். உட்கார ஒரு பெஞ்சு. பன்னிரண்டரைக்கு எங்கள் முறை வந்தது. கணினி முன்னால் இருந்தவர் சின்ன வயசு, மரியாதையானவர். சோலையம்மாளின் கார்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். களையெடுத்துத் தேய்ந்த விரல் பதியவில்லை. கண்ணைப் படம் எடுத்தார். எழுபத்தைந்து ரூபாய். "எழுத்துப் பிழைதான் பாட்டி, சரியாயிரும்" என்று ரசீது கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"தம்பி, உங்களுக்கு?"

கதிர் கார்டை நீட்டினான். பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கதிரைத் தம்பி என்றும் கூப்பிடவில்லை, வேறெதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

"இதுக்கு மாவட்டத்துல குடுக்குற திருநர் சான்று வேணும்."

"எழுதிப்போட்டு ஒன்னரை வருசம் ஆச்சு சார்."

"அது வந்ததும் வாங்க."

சோலையம்மாள் நகரவில்லை. "ஏய்யா, எனக்கு மாத்துனீகள்ல? அவுகளுக்கும் தப்பாத்தான போட்டிருக்கு. மொகத்தப் பாருங்க."

"பாட்டி, உங்களுது டைப் பண்ணுனவரு செஞ்ச தப்பு. இது தப்பு இல்லையே."

"அப்ப அந்த மீசை தப்பா?"

அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் தலை குனிந்து, "எங்கையில இல்ல பாட்டி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் மேடையில் போடும் அதிகாரி கத்துவார், மேசையைத் தட்டுவார். அப்படிப்பட்டவரை எதிர்த்து ஆடத் தெரியும். இப்படி மெதுவாகப் பேசுகிறவர் முன்னால் என்ன ஆடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கால் வலித்தது. வெளியே வந்துவிட்டோம்.

சோலையம்மாள் நரிக்குடி வண்டியில் ஏறினார். ஏறும் முன் ரசீதைக் கதிரிடம் காட்டி, "எனக்கு வாரது ஒனக்கும் வரும்யா" என்றார். அவன் தலையை ஆட்டினான். இருவரும் அதை நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு எங்களுக்கு ஊர் வண்டி கிடைத்தது. பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் காசில்லாத வண்டி. கண்டக்டர் எனக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "தம்பிமாருக்கு?" என்றார். ஜமால் தனக்கு ஒன்று வாங்கினான். கதிர் அந்தக் கார்டை எடுத்து நீட்டியிருந்தால் அவனுக்கும் காசில்லை. சட்டைப் பையில்தான் இருந்தது. பன்னிரண்டு ரூபாயை எண்ணி, "ஒரு அருப்புக்கோட்டை" என்றான்.

 பாதி வழியில் கண்ணை மூடியபடியே கதிர் சொன்னான்:

"அடுத்த ஆட்டத்துக்கு வாரேன்மா. லாட்ஜு வேணாம். யாரு வீட்டுலயாச்சும் படுக்க எடம் கேளுங்க."

கேட்கிறேன் என்றேன்.