தைத்து மூடிய விடைகள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்குப் படித்தேன். படித்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். எங்கள் வகுப்பு முழுக்கப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கும். விடைகள் அங்கே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கணக்கை எப்படியாவது இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிடுவோம்.

ஒரு வாரம் வீட்டுக்கணக்கில் எனக்கு 21 வந்தது. புத்தகம் 12 என்றது. புத்தகமா பொய் சொல்லும்? ரப்பரால் அழித்தேன், நடுவில் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கினேன், 12 வந்துவிட்டது. விரிவுரையாளர் என் தாளை எல்லார் முன்னாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இருபத்தொன்றுதான் சரி. புத்தகத்தில் அச்சுப்பிழை. வகுப்பே 12 போட்டிருக்கிறது. ஆனால், சரியானதைப் போட்டுவிட்டு அழித்தவள் நீ ஒருத்திதான்."

மானமே போய்விட்டது. ஏற்கெனவே அரையாண்டுத் தேர்வில் கோட்டை விட்டிருந்தேன். ஆண்டிறுதியிலும் விட்டால் கல்லூரியில் இடமில்லை என்று கடிதமே வந்திருந்தது.

அன்று சாயங்காலம் காஜா பேராங் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்து, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து, விடைப் பக்கங்களை ஓரமெல்லாம் தைத்துவிட்டேன். உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வந்த வகுப்புத் தோழி வாயைப் பிளந்தாள்.

"அலாமாக்! பைத்தியமாடி ஒனக்கு? வெட பாக்காம சரியா தப்பான்னு எப்படிலா தெரியும்?"

"வந்த வெடய எடுத்து கேள்வியிலயே போட்டுப் பாப்பேன். பொருந்துனா சரி."

"ஒரு கணக்குக்கு ரெண்டு வேலையா? நீயே செய்மா, என்னை ஆள விடு."

வேலைதான். முன்பு உட்கார்ந்த இடத்தில் பத்துக் கணக்கு முடிப்பவள், இப்போது மூன்றோடு திணறினேன். ஒருநாள் ஆத்திரத்தில் நூலை வெட்டக் கத்தரிக்கோலையே எடுத்துவிட்டேன். சீ, இவ்வளவுதானா நான் என்று என் மேலேயே கோபம் வந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று மறுபடி உட்கார்ந்தேன்.

ஆண்டிறுதித் தேர்வில், கடைசிக் கணக்குக்கு அசிங்கமான ஒரு பின்னம் வந்தது. விடை என்றால் முழு எண்ணாக இருக்கும் என்று பழகிய கை, தானாக ரப்பரை எடுத்தது. பின்னத்தைக் கேள்வியில் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது. ரப்பரைப் பைக்குள் போட்டு மூடினேன்.

தேறிவிட்டேன். தோழி அந்தத் தாளில் தவறி, மறுதேர்வுக்கு நின்றாள். மறுநாள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இறங்காமலேயே தன் புத்தகத்தை நீட்டினாள்.

"ஒன்னும் பேசாத. தெச்சுக் குடு. நூலு நல்லா தடிச்சதா போடு, என் கைய எனக்கே நம்ப முடியாது."